திரும்பக் கிடைத்த இரண்டு ஆண்டுகள்



இந்தக் கல்லூரியின் இந்த ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ‘வாழ்வெனும் கொடை’ என்ற பொருளைத் தந்தார்கள். பெரிய பொருள். வேதாந்தியும் மருத்துவரும் கவிஞரும் ஆளுக்கொரு விதமாகப் பேசக்கூடியது. நான் கணித ஆசிரியனாக இருந்தவன். எனக்குத் தெரிந்த ஒரு வாழ்க்கையை, அதிலும் அதன் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச அனுமதி தாருங்கள். சீனிவாச இராமானுஜனுடைய வாழ்க்கையில் 1918ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 1920 ஏப்ரல் 26ஆம் நாள் வரை உள்ள காலம். இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும்.

ஈரோட்டில் பிறந்தது, கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாம் உங்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டன. கடைசி இரண்டு ஆண்டுகளைத்தான் நாம் இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம்: உடல்நலம் குன்றினார், தாயகம் திரும்பினார், இளம்வயதில் மறைந்தார். என் கருத்தில் அவருடைய வாழ்வின் மிகப் பெரிய பகுதி அதுதான். நாம் இன்று பேசவேண்டிய பொருளும் அங்கேதான் இருக்கிறது.

1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய இராமானுஜன் ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். நான்கு மாதத்துக்குள் முதல் உலகப்போர் மூண்டது. கேம்பிரிட்ஜ் காலியாகத் தொடங்கியது. ஹார்டியோடு சேர்ந்து அவருக்குக் கணிதத் துணையாக இருந்த லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குக் கணக்குப் போடப் போய்விட்டார். சைவ உணவு விலகாத பிராமண இளைஞர் தம் அறையில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். போர்க்காலத்தில் காய்கறியும் அரிசியும் நினைத்தபோது கிடைப்பவை அல்ல. ஒரு வேளை சமைத்துவிட்டு அடுத்த நாள்வரை கணக்கிலேயே இருப்பார். 1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில் படுத்துவிட்டார். வயிற்றுப் புண் என்றார் ஒரு மருத்துவர். காசநோய் என்றார் இன்னொருவர். மெண்டிப் மலையில் ஒரு விடுதி, டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊரில் இன்னொரு விடுதி என்று மாற்றினார்கள். அந்தக் காலத்துக் காசநோய் விடுதிகளில் குளிர்காற்றே மருந்து. சன்னலைத் திறந்துவைத்துப் படுக்கவேண்டும். காவிரிக் கரையில் வளர்ந்த உடம்பு அதைத் தாங்கவேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து ஆறுதலும் இல்லை. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் அவருக்குப் போகவில்லை, அவர் எழுதியவை ஜானகிக்கு வரவில்லை. மாமியார் கோமளத்தம்மாள் நடுவில் நிறுத்திவிட்டார் என்று ஜானகி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோமளத்தம்மாளைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி நாள்களில் அந்தப் பிள்ளையின் திறமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தாய் அவர். ஆனாலும் ஆறாயிரம் மைல் தொலைவில் படுத்திருந்தவனுக்கு வீட்டுக் கடிதம் வரவில்லை என்பது உண்மை. 1917இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவியும் கைநழுவிப் போயிற்று.

இந்தச் சூழலில்தான், 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் இராமானுஜன் தம் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். நிலையத்துக் காவலர் ஒருவர் அதைக் கண்டார். உடனே வண்டியை நிறுத்த வழிசெய்தார். இராமானுஜன் காயத்தோடு பிழைத்தார்.

இதை வெளியுலகுக்குச் சொன்னவர் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்குச் சொன்னவர் ஹார்டி. சில நூல்கள் இந்த நிகழ்ச்சியை இன்னும் தவிர்க்கின்றன. மேதைக்கு இழுக்கு என்ற எண்ணமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்டநாள் நோய், தனிமை, அந்நிய நாட்டுக் குளிர், வராத கடிதம், நழுவிய பதவி எல்லாம் ஒரே ஆளின் மேல் வந்து விழுந்தன. அவர் நம்மைப் போன்ற மனிதர். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மறைத்தால், அதே இருட்டில் இன்று நிற்கும் ஒரு மாணவனுக்கு ‘இது உனக்கு மட்டும் நேர்ந்ததில்லை’ என்று சொல்ல நம்மிடம் ஒரு சான்று குறைந்துபோகும்.

அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். 1961இல்தான் அந்தச் சட்டம் நீங்கிற்று. காவல்துறை அவரைப் பிடித்துச் சென்றது. ஹார்டி ஸ்காட்லாந்து யார்டுக்கு விரைந்து போனார். இவர் இன்னார், இப்படிப்பட்ட கணித மேதை என்று தம்முடைய மதிப்பையெல்லாம் முன்னால் வைத்துப் பேசி அவரை மீட்டு வந்தார். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர், உணர்ச்சியை வெளியே காட்டக் கூசுபவர்.  அவர் அன்று ஓடிவந்தார். அது போதும்.

நிலையத்துக் காவலருக்கு வருகிறேன். ஹார்டியின் பெயர் உலகம் அறியும். காவலர் அந்தக் கதையில் காவலராகவே வந்து காவலராகவே போய்விடுகிறார். தம் கண்முன் நிற்பவர் எண்கணிதத்தின் பெரிய மேதை என்று அவர் எப்படி அறிந்திருப்பார்? தொலைநாட்டிலிருந்து வந்த யாரோ ஓர் இந்தியர், அவ்வளவுதான். தெரிந்தா காப்பாற்றினார்? ஓர் உயிர் என்று காப்பாற்றினார். உயிர் பிறக்கும்போது ஒருமுறை தரப்படுவதாக நாம் நினைக்கிறோம். தாய் தந்தாள், இறைவன் தந்தான் என்கிறோம். இராமானுஜனுக்கு 30 வயதில் அது மறுபடியும் தரப்பட்டது. இந்த முறை தந்தவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு ரயில்வே ஊழியர். நாம் ஒவ்வொருவரும் இப்படிப் பலமுறை, பலர் கையால் பெற்றுக்கொண்டேதான் வந்திருக்கிறோம். காய்ச்சலில் கிடந்த இரவில் ஈரத்துணி வைத்தவர்கள், சாலையைக் கடக்கையில் கையைப் பிடித்து இழுத்தவர்கள், கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் சொல்லாமல் கட்டியவர்கள். கணக்கு எழுதினால் முடியாது.

காப்பாற்றப்பட்டவருக்கு மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. நோய் இருந்தது. தனிமையும் இருந்தது. மீண்டும் மேட்லாக், பிறகு லண்டன் மருத்துவமனை, பிறகு பட்னி என்ற புறநகரில் ஒரு மருத்துவ விடுதி. ஆனால் நாள்கள் தொடர்ந்தன, நாள்கள் தொடர்ந்ததால் மற்றவையும் வந்து சேர்ந்தன. அதே 1918 மே மாதம் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அக்டோபரில், முன்பு மறுத்த டிரினிட்டி கல்லூரியே ஃபெலோ பதவியைத் தந்தது. அந்தக் கல்லூரியில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துபோயிருந்தால் இந்த இரண்டு செய்திகளும் ஒரு கல்லறைக்குத்தான் போயிருக்கும். துயரத்தின் நடுவில் நிற்பவருக்கு, இன்னும் மூன்று மாதத்தில் என்ன வரப்போகிறது என்பது தெரியாது. தெரியாது என்பதைத்தான் அவர் நினைவில் வைக்கவேண்டும். இனி ஒன்றும் வராது என்ற முடிவுக்கு அந்த நேரத்தில் யாரிடமும் ஆதாரம் இல்லை.

பட்னியில்தான் 1729 கதை நடந்தது. ஹார்டி பார்க்க வந்தார், தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729, சுவையற்ற எண் என்றார். இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் சொன்னார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், அல்லது ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். பள்ளிகளில் இந்தக் கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. அது ஒரு நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படுக்கையில் கிடந்த ஒருவர், மரணத்தின் வாசல்வரை போய் மீண்டவர், ஓர் எண்ணைக் கேட்டதும் மலர்ந்து பேசுகிறார். அந்த மலர்ச்சியைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

அந்தக் காலத்தில் அவர் கண்ட ஒன்றைக் கணிதம் படிக்காதவர்களுக்கும் சொல்ல முடியும். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4 அப்படியே ஒன்று, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். இப்படியே 9ஐப் பிரித்தால் 30 விதம். 14ஐப் பிரித்தால் 135. 19ஐப் பிரித்தால் 490. எண் பெரிதாகப் பெரிதாக இந்தத் தொகை காட்டுவெள்ளம்போல ஏறும். 100ஐப் பிரிக்கப் பத்தொன்பது கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. மேஜர் மக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் இந்தத் தொகைகளைக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியல் போட்டிருந்தார். இராமானுஜன் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, 4இலோ 9இலோ முடியும் எண்களுக்கு நேரே உள்ள தொகைகள் எல்லாம் 5ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கண்டார். மேலே சொன்ன நான்கையும் பாருங்கள்: 5, 30, 135, 490. பட்டியலோடு நின்றுவிடாமல், எவ்வளவு தூரம் போனாலும் இது தவறாது என்று நிறுவினார். 7க்கும் 11க்கும் இதேபோன்ற ஒழுங்கு உண்டு என்றும் கண்டார். இந்தக் கட்டுரை அச்சானது 1919இல். இன்றுவரை இதன் கிளைகளில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

பட்னியிலிருந்து 1919 ஜனவரி 11ஆம் நாள் அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அறிவித்திருந்தது. அதற்கு நன்றி சொல்லிப் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதுகிறார். தமக்குத் தேவைக்கு மேல் பணம் இருப்பதாகச் சொல்லி, ஆண்டுக்கு 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்தபின், தம் செலவுபோக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் பள்ளிகளில் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். எழுதியவர் யார்? கல்லூரி உதவித்தொகையை இழந்தவர். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர். காகிதம் வாங்கக் காசில்லாமல் பலகையில் எழுதி முழங்கையால் அழித்தவர். எழுதிய நேரம் எது? உடம்பு தேறுமா என்று யாருக்கும் தெரியாத நேரம். அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றில் நிற்கும் நான் இந்தக் கடிதத்தைச் சொல்லாமல் போனால் அது பிழை. முகம் தெரியாத ஒருவர் தமக்குத் தந்ததை, ஓராண்டுக்குள் அவர் முகம் தெரியாத பிள்ளைகளுக்குக் கைமாற்றிவிட நினைக்கிறார்.

1919 மார்ச் இறுதியில் பம்பாயில் இறங்கி ஏப்ரலில் சென்னை வந்தார். எலும்பும் தோலுமாக வந்தார். கோடை மாதங்களைக் காவிரிக் கரையில் கொடுமுடியில் கழித்தார். பிறகு கும்பகோணம். 1920 ஜனவரியில் மருத்துவத்துக்காக மீண்டும் சென்னை, சேத்துப்பட்டில் வீடு. வீட்டில் தாய்க்கும் மனைவிக்கும் இடையே அமைதி இல்லை. காய்ச்சல், வயிற்றுவலி, கால்வலி. சில நாள்களில் கடுகடுப்பாகவும் இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் புன்னகையோடு தாங்கிய முனிவராக அவரை நான் வரையப்போவதில்லை. வலித்தபோது அவருக்கும் வலித்தது. வலி மிகும்போது ஜானகி பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துத் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பார். வலி சற்றே தணிந்ததும் தலையணையில் சாய்ந்தபடி அவர் பலகையைக் கேட்பார். எழுதி முடித்த தாள்களை ஜானகி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இங்கிலாந்திலிருந்து வந்த தோல்பெட்டியில் சேர்த்து வைப்பார். இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் என்று ஜானகி நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த நாள்களில் எழுதியது என்ன? 1920 ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில், தாம் புதிதாகக் கண்ட சார்புகளைப் பற்றிச் சொல்லி அவற்றுக்கு மாக் தீட்டா சார்புகள் என்று பெயரும் இட்டார். எடுத்துக்காட்டுகளாகப் பதினேழு தந்தார். அவை ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று முழுமையாக விளங்க உலகத்துக்கு 82 ஆண்டுகள் ஆயின. 2002இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சாண்டர் ஸ்வேகர்ஸ் என்ற இளைஞர் தம் முனைவர் பட்ட ஆய்வில் அந்தக் கதவைத் திறந்தார். அதன்பின் கருந்துளைகளைப் பற்றி ஆராயும் இயற்பியலாளர்களுக்கும் அவை பயன்பட்டுவருகின்றன. ஜானகி பெட்டியில் சேர்த்த தாள்களின் கதையும் நீண்டது. அவற்றில் பெரும்பகுதி சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக 1923இல் ஹார்டிக்குப் போயிற்று, அங்கிருந்து வாட்சன் என்ற பேராசிரியரிடம் போயிற்று, அவர் மறைவுக்குப்பின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் அடங்கிற்று. 1976இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வேறு எதையோ தேடப் போன இடத்தில் அதைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள், பெரும்பாலும் நிறுவல்கூட இல்லாமல். ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்ட்டும் அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடித்தது 2018இல்.

ஆக, மாக் தீட்டா சார்புகளும் அந்த அறுநூறு சூத்திரங்களில் மிகப் பெரும்பாலானவையும் லண்டன் காவலர் தந்த காலத்தில் விளைந்தவை.

இங்கே நான் ஒரு கருத்தோடு சண்டை போட விரும்புகிறேன். இராமானுஜன் 32 வயதில் மறைந்ததில் ஓர் அழகு இருப்பதாகச் சிலர் பேசுகிறார்கள். மேதைகள் சீக்கிரம் போய்விடுவார்கள், எரிந்து முடிந்துவிடுவார்கள் என்கிறார்கள். பாரதியையும் விவேகானந்தரையும் இதே வரிசையில் நிறுத்துகிறார்கள். ஹார்டியே, முப்பது வயதில் ஒரு கணிதவியலாளர் ஏறக்குறைய முதியவர்தான், ஆகவே அந்த மரணம் தோன்றும் அளவுக்குப் பெரிய இழப்பாக இல்லாமலும் இருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். அப்போது அந்தத் தாள்களின் முழு மதிப்பு உலகுக்குத் தெரியாது. இன்று தெரியும். கடைசி ஆண்டில் அவர் உச்சத்தில் இருந்தார். மருத்துவர் யங் என்பவர் 1994இல் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, அவருக்கு இருந்தது காசநோயாக இருக்க வாய்ப்பு குறைவு, பழைய வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாகக் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருந்திருக்கலாம் என்று எழுதினார். அது சரியென்றால், அந்தக் காலத்து மருத்துவத்தாலேயே குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய். அவர் அறுபது வயதுவரை வாழ்ந்திருந்தால் இந்தியா விடுதலை பெறுவதைப் பார்த்திருப்பார். சுருக்கமான வாழ்வில் எந்தப் பெருமையும் இல்லை. பெருமை அந்தச் சுருக்கத்தில் அவர் செய்ததில் இருக்கிறது. இரண்டையும் குழப்பினால் நம் இளைஞர்களுக்குத் தவறான ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

நிறைவாக வாழ்வதற்கு மேதையாக இருக்கவேண்டுமா என்று ஒரு மாணவி கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடையாக ஜானகியைச் சொல்வேன். பத்து வயதில் மணம். கணவரோடு கூடி வாழ்ந்தது எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுகூட வராது. அதிலும் கடைசி ஓராண்டு நோய்ப்படுக்கையின் அருகில். 21 வயதில் கைம்பெண். அன்றைய சமூகத்தில் அத்தகைய பெண்ணுக்கு விதிக்கப்பட்டது வீட்டின் ஒரு மூலை. ஜானகி பம்பாயில் சகோதரர் வீட்டுக்குப் போய்த் தையல் கற்றார், ஆங்கிலமும் கற்றார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்து, பல்கலைக்கழகம் தந்த சிறு ஓய்வூதியத்தோடு துணி தைத்துச் சம்பாதித்து வாழ்ந்தார். 1950இல், மறைந்துபோன ஒரு தோழியின் மகனைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார், படிக்கவைத்தார், ஆளாக்கினார்.

1936இல் சந்திரசேகர் இந்தியா வந்தபோது, ஹார்டி கேட்டுக்கொண்டபடி இராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றைத் தேடித் திருவல்லிக்கேணியில் ஜானகியைப் பார்க்கப் போனார். ஜானகி எடுத்துக்கொடுத்தது கடவுச்சீட்டுப் படம். நாம் இன்று எல்லாப் புத்தகத்திலும் காணும் கூரிய கண்களுடைய அந்த முகம் அதுதான். பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு நேர்காணலில், என் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று ஜானகி கேட்டார். அதைக் கேள்விப்பட்ட ரிச்சர்டு ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உலகெங்கும் உள்ள கணிதவியலாளர்களிடம் பணம் திரட்டினார். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி அந்தக் கடவுச்சீட்டுப் படத்தை வைத்தே மார்பளவு வெண்கலச் சிலை வடித்தார். ஜானகிக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் மறைந்தது 1994 ஏப்ரல் 13இல், 95 வயதில். கணவருக்குப் பின் 74 ஆண்டுகள். ஒரு சூத்திரமும் எழுதவில்லை. தாள்களைக் காத்தார், தையல் எந்திரம் மிதித்தார், பிள்ளை வளர்த்தார், தம் உரிமையைக் கேட்டு வாங்கினார். அந்த வாழ்க்கையைக் குறைந்தது என்று யார் சொல்வார்?

இனி மாணவர்களோடு நேராகப் பேசுகிறேன். இராமானுஜன் உங்கள் வயதில் தேர்வில் தோற்றவர். 1905இல், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போன பிறகு, வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பையனைக் காணவில்லை என்று ‘தி இந்து’ நாளிதழில் செய்தி வந்தது. பச்சையப்பன் கல்லூரியிலும் கணிதம் தவிர மற்றவற்றில் தோற்றார். இன்று தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளை, ஓர் ஆண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம். இது தானாக வந்த சலுகை என்று நினைக்காதீர்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் உயிரிழக்கும் பிள்ளைகளைப் பற்றி இடைவிடாமல் பேசியவர்களில் முதன்மையானவர் சென்னையின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர். ஒரு சிறிய ஏற்பாடுதான், சில வாரங்களில் மறுதேர்வு. அந்தச் சில வாரங்கள் எத்தனை உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கும்!

பிடித்து நிறுத்தினாலும் மறுபடியும் போய்ச் செய்துகொள்ளத்தானே போகிறார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறான பேச்சு, கொடுமையான பேச்சும்கூட. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1937 முதல் 1971 வரை கடைசி நிமிடத்தில் தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேரின் பின்னாள் வாழ்க்கையை ரிச்சர்டு சைடன் என்ற ஆய்வாளர் தொடர்ந்து பார்த்து 1978இல் எழுதினார். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த நேரத்தின் வேகம் கடந்துபோகிறது. கடக்கும்வரை அருகில் ஒருவர் வேண்டும்.

சட்டமும் மாறியிருக்கிறது. ஹார்டி காவல்துறையிடம் மன்றாட வேண்டியிருந்த நிலை இன்று இல்லை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதவேண்டும், அரசு அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தரவேண்டும் என்கிறது. ஆகவே வழக்கு வரும், பெயர் கெடும் என்று அஞ்சி எந்தக் குடும்பமும் மருத்துவரிடம் போகாமல் இருக்கவேண்டாம்.

விடுதியில் உங்கள் அறைத்தோழன் சில நாள்களாகச் சாப்பாட்டுக்கு வருவதில்லை, தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்கிறான், நான் இல்லாவிட்டால் என்ன என்று விளையாட்டாகச் சொல்கிறான் என்றால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரை விட்டுவிட நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் கேட்டதே ஆறுதலாக இருக்கும். அவனைத் தனியே விடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள். அந்த நிலையில் இருப்பது நீங்களே என்றால், இந்த அவை கலைந்ததும் என்னிடமோ, உங்களுக்குப் பிடித்த எந்த ஆசிரியரிடமோ வந்து உட்காருங்கள். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கைபேசியை எடுங்கள், கல்லூரி முதல்வர் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மூன்று எண்கள் சொல்கிறேன், பதிந்துகொள்ளுங்கள். 14416, இது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். 044 2464 0050, சினேகா. பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருந்திருந்தால் மறுபடியும் சொல்கிறேன்: 14416.